வெள்ளம் எங்கே நின்றது? ராடார் படத்தை வைத்து மட்டக்களப்பு, அம்பாறை வெள்ள வரைபடம் போடுகிறவர்களுக்கான கேள்வி-பதில்

மாரி தொடங்கி நவம்பர் கடைசியை எட்டினால், வருடாவருடம் ஒரே மாதிரியான கேள்விகள் எனக்கு வரத் தொடங்கும். பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் மாணவர்கள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர் என்று பலரும் கேட்பார்கள். வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன். எனவே எழுதி வைக்கிறேன்.

நாள்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கிறது. செய்மதி எப்படித் தரையைப் பார்க்கிறது?

நாம் கூகுள் வரைபடத்தில் பார்க்கும் வண்ணப் படங்கள் சூரிய ஒளியில் எடுத்தவை. மேகம் வந்தால் மேகத்தின் முதுகுதான் அதில் தெரியும். ராடார் செய்மதி சூரியனை நம்பி இருப்பதில்லை. தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. நாம் அதிகம் பயன்படுத்தும் சென்டினல்-1 செய்மதியின் அலைநீளம் ஏறத்தாழ 5.5 சென்ரிமீற்றர். மேகத்தில் இருக்கும் நீர்த்துளிகள் அதற்கு மிகமிகச் சிறியவை, ஆகவே அலை மேகத்தைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். இரவானாலும் அதற்குக் கவலை இல்லை. மிகக் கடுமையாக மழை கொட்டும் இடத்தில் மட்டும் படத்தில் லேசான கறை விழலாம்.

தண்ணீர் ஏன் கறுப்பாக விழுகிறது?

செய்மதி நேர் கீழே பார்ப்பதில்லை, சரிவாகப் பக்கவாட்டில் பார்க்கிறது. இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, சற்றுத் தள்ளி நின்று அதன்மேல் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மறுபக்கம் போய்விடும். நம் கண்ணுக்குக் கண்ணாடி இருட்டாகவே இருக்கும். அலையடிக்காத தண்ணீரும் ராடாருக்கு அப்படித்தான். மண், புல், மரம், வீடு எல்லாம் அலையைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் அதில் ஒரு பங்கு செய்மதிக்குத் திரும்புகிறது. அவை சாம்பல், வெள்ளை நிறங்களில் தெரிகின்றன.

திரும்பி வரும் அலையின் வலுவை டெசிபெல்லில் சொல்வார்கள். 3 டெசிபெல் குறைந்தால் வலு பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்திலொன்றாகிவிட்டது என்று பொருள். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் பின்னால் வரும் பாதி விடயம் தானாக விளங்கும்.

எந்தச் செய்மதியின் படம் காசில்லாமல் கிடைக்கும்?

ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டத்தில் இயங்கும் சென்டினல்-1. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 யூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் இன்னொன்று. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நம் ஊர்மேல் வரும்?

ஒரு சென்டினல்-1 செய்மதி அதே பாதையில் திரும்பி வர 12 நாள். இரண்டு இருந்தால் 6 நாள்.

2024 நவம்பர் வெள்ளத்தில் நாம் மாட்டிக்கொண்டது இங்கேதான். 2014 ஏப்ரலில் ஏவிய 1ஏ, 2016 ஏப்ரலில் ஏவிய 1பி என்று இரண்டு சுற்றிக்கொண்டிருந்தன. 2021 டிசம்பரில் 1பியின் மின்வழங்கல் பழுதாகி அது செயலிழந்தது. அதற்கு மாற்றான 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பர் 5இல். நம் ஊர்களை வெள்ளம் மூடியது நவம்பர் கடைசி வாரம். சொல்லப்போனால் மாற்று ஆள் வந்து சேர்வதற்குப் பத்து நாளுக்குள் முந்திக்கொண்டு வெள்ளம் வந்துவிட்டது. வானில் இருந்த ஒரே ஒரு செய்மதியை நம்பித்தான் நாங்கள் வேலை செய்தோம். 2025 நவம்பர் 4 அன்று 1டியும் ஏவப்பட்டதால் இப்போது நிலைமை எவ்வளவோ மேல்.

அப்படியென்றால் வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது படம் கிடைக்காமலே போகலாமா?

தாராளமாக. சென்டினல்-1 நம்மைக் கடப்பது விடியலில் அல்லது பொழுதுபடும் நேரத்தில், ஆறு மணியை ஒட்டி. உங்கள் ஊரில் தண்ணீர் நள்ளிரவில் ஏறி மறுநாள் மத்தியானம் வடிந்துவிட்டால், படத்தில் அது இல்லவே இல்லை. வரைபடம் காட்டுவது அந்தக் கணத்தில் தேங்கி நின்ற தண்ணீரை மட்டும்தான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நமக்கு வரும் வெள்ளம் முழுவதும் நம் தலைக்கு மேல் பெய்த மழை இல்லை. மேற்கே ஊவாப் பக்கத்து மலைகளில் பெய்ததும் சேர்ந்துதான் இறங்குகிறது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரிக் குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து, அல்லது வான்கதவு திறந்து, அந்தத் தண்ணீர் படுவான்கரைத் தாழ்நிலத்துக்கு வர நேரமாகும். அம்பாறையில் இங்கினியாகலை சேனநாயக்க சமுத்திரத்துக்கும் கல்முனை, சம்மாந்துறைக் கரைக்கும் இடையிலும் இதே கதை. மழை விட்ட பிறகு வெயில் எறிக்கும்போது நாவிதன்வெளியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு நாளின் படத்தை வைத்து “செங்கலடியில் வெள்ளம், பட்டிப்பளையில் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பட்டிப்பளைக்கு அடுத்த நாள் வந்திருக்கலாம்.

முகத்துவாரம் வெட்டும் நாளும் முக்கியம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும்தான் கடலுக்கு வாய். மணல்மேட்டை வெட்டிவிட்டால் வாவியோரத் தாழ்நிலத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். வெட்டுவதற்கு முதல்நாள் எடுத்த படமும் மறுநாள் எடுத்த படமும் இரண்டு வேறு ஊர்களைப் போல இருக்கும்.

ஒரு படம் போதாதா? எதற்கு முன்படம்?

கறுப்பாக இருப்பதெல்லாம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலும், அதெல்லாம் வெள்ளமாகிவிடாது. வாவி இருக்கிறது, குளங்கள் இருக்கின்றன, வில்லுகள் என்ற தாழ்நிலச் சதுப்புகள் இருக்கின்றன. அதனால் வெள்ளத்துக்கு முந்திய ஒரு படம், வெள்ள நாளில் ஒரு படம் என்று இரண்டை வைத்து, முன்பு வெளுப்பாக இருந்து இப்போது கறுத்த இடத்தைத்தான் தேடுகிறோம். இரண்டும் ஒரே சுற்றுப்பாதையில், ஒரே திசையில் கடக்கும்போது எடுத்ததாக இருக்கவேண்டும். ஒன்று காலைப் படம், மற்றது மாலைப் படம் என்றால் பார்க்கும் கோணமே மாறிவிடும். பிறகு வெள்ளத்தையா கோணத்தையா அளக்கிறோம் என்று தெரியாது.

முன்படத்துக்கு எந்த மாதத்தை எடுப்பது?

எனக்கு வரும் கேள்விகளில் நல்ல கேள்வி இதுதான். வெளிநாட்டுப் பயிற்சிக் குறிப்புகளில் “வறண்ட காலத்துப் படம் ஒன்றை எடுங்கள்” என்று இருக்கும். நானும் முதன்முதலில் அப்படித்தான் செய்தேன். சிறுபோக வெட்டு முடிந்து நிலம் காய்ந்து கிடந்த செப்ரெம்பர் படத்தை முன்படமாக வைத்து, நவம்பர் படத்தோடு ஒப்பிட்டேன். வரைபடம் அழகாக வந்தது. வெல்லாவெளி தொடங்கி வவுணதீவு வரைக்கும் நீலம். இவ்வளவு பெரிய அழிவா என்று எனக்கே பதற்றம். எங்கள் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது வெள்ளமில்ல. நாங்க கட்டின தண்ணி.”

விடயம் இதுதான். நம் இரண்டு மாவட்டங்களிலும் பெரும்போக விதைப்பு மழையோடு தொடங்கிவிடும். நவம்பரில் வட்டை (வயல்வெளி) முழுவதும் வரம்புக்குள் தண்ணீர் நிற்பது இயல்பு, நிற்கவும் வேண்டும். பயிர் சிறிதாக இருக்கும்வரை அந்தத் தண்ணீர் ராடாருக்கு வெள்ளத்தைப் போலவே கறுப்பாகத்தான் தெரியும். நாற்று உயர உயர, இலையும் தண்டும் அலையைச் சிதறடித்துப் படம் வெளுத்துக்கொண்டு வரும். ஆகவே செப்ரெம்பரை முன்படமாக வைத்தால், விதைத்த வயல் அத்தனையும் “வெள்ளத்தில் மூழ்கியது” என்று வரும்.

அப்புறம் என்ன செய்வது? நான் இப்போது மூன்று படங்களை வைத்துக்கொள்கிறேன். வெள்ளத்துக்குச் சரியாக முந்திய படம் ஒன்று, பெரும்பாலும் ஒரு சுற்று முன்பு எடுத்தது. சென்ற ஆண்டுகளில் வெள்ளம் வராத ஒரு வருடத்தின் அதே மாதப் படம் ஒன்று. மூன்றாவது வெள்ள நாள் படம். முந்திய படத்தில் கறுப்பாக இருந்து இப்போதும் கறுப்பாக இருந்தால் அந்த இடத்தை வெள்ளம் என்று நிறம் தீட்டமாட்டேன். “ஏற்கெனவே நீர் நின்ற வயல்” என்று வேறு நிறம் கொடுப்பேன்.

இதிலும் ஒரு பொல்லாப்பு உண்டு. நீர் கட்டியிருந்த வயலுக்கு மேல் நாலடி வெள்ளம் ஏறினால், அதுவும் கறுப்புக்கு மேல் கறுப்புத்தான். ராடாருக்கு அரை அடியும் நாலடியும் ஒன்று. பயிர் அடியோடு அழுகிப்போயிருக்கும், வரைபடத்தில் மாற்றமே இருக்காது. அதனால்தான் எந்த வட்டையில் எப்போது விதைத்தார்கள், புழுதி விதைப்பா சேற்று விதைப்பா என்று தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் நான் எந்த வரைபடத்தையும் முடிப்பதில்லை. வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைமார் இதற்கு நல்ல ஆட்கள். தண்ணீர்க் கணக்கு அவர்கள் விரல்நுனியில்.

வாவியையும் குளங்களையும் எப்படிக் கழிப்பது?

ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு மையம் 1984 முதலான லான்ட்சாட் செய்மதிப் படங்களிலிருந்து தயாரித்த உலக மேற்பரப்பு நீர்த் தரவு இருக்கிறது. வருடத்தில் எத்தனை மாதம் ஓரிடத்தில் நீர் நிற்கிறது என்று அது சொல்லும். பத்து மாதத்துக்குக் குறையாமல் நீர் நிற்கும் இடத்தை நிரந்தர நீர் என்று கழிப்பது வழக்கம்.

நம் குளங்களுக்கு இது முழுதாகச் சரிவராது. உன்னிச்சைக் குளத்தின் விளிம்பு நிலம் வருடத்தில் பாதி வெளியே கிடக்கும், மாரியில் மூடும். பத்து மாதக் கணக்கில் அது நிரந்தர நீர் இல்லை. எனவே குளம் நிறைந்ததையும் வரைபடம் வெள்ளம் என்று எழுதிவிடும். குளம் நிறைந்தால் சந்தோசப்படவேண்டியவர்கள் நாம்! குளங்களின் முழு நீர்மட்ட எல்லையை ஒருமுறை கையால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகல் வேலைதான், வருடக்கணக்கில் உதவும்.

வாவி சில படங்களில் கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருக்கிறதே?

காற்று. வாடைக்காற்று வாவியில் சிற்றலையைக் கிளப்பினால் தண்ணீர் கண்ணாடியாக இருக்காது, அலை திரும்பி வரும். சென்டினல்-1 ஒரே நேரத்தில் இரண்டு விதமான பதிவு தருகிறது, வீவீ என்றும் வீஎச் என்றும். காற்றுக்கு வீவீ அதிகம் ஆடும், வீஎச் அவ்வளவு ஆடாது. காற்று நாளில் வீஎச்சைப் பாருங்கள். ஆற்றுவாழை மூடிக்கிடக்கும் இடங்களும் கறுப்பாக வராது. அதற்கு ராடாரில் மருந்து இல்லை.

காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஒழுங்கைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வரைபடத்தில் ஒன்றுமே இல்லையே?

இருக்காது. நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரில் பட்ட அலை, அங்கிருந்து மதிலில் பட்டு நேராகச் செய்மதிக்கே திரும்பிவிடும். கறுப்பதற்குப் பதிலாக அந்த இடம் முன்னைவிட வெளுக்கக்கூடும். மேலும் ஒழுங்கையின் அகலம் படத்தின் ஒரு கட்டத்துக்கும் குறைவு. நகர வெள்ளத்தை இந்த முறையில் தேடாதீர்கள். வரைபடத்தில் நகரங்களின் மேல் “இங்கே ராடார் சொல்வதை ஏற்கவேண்டாம்” என்று சாம்பல் கோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒரு அதிகாரி படத்தைப் பார்த்து, கரையோர நகரங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று எழுதிவிடுவார். வெற்று இடத்தை நல்ல செய்தியாக வாசிப்பது மனித இயல்பு.

தென்னந்தோப்பு, கண்டல் காடு?

5.5 சென்ரிமீற்றர் அலை அடர்ந்த இலைகளிலேயே நின்றுவிடும், கீழே இருக்கும் தண்ணீர் வரை போகாது. நீளமான அலை போகும். ஜப்பானின் ஏலோஸ் வகைச் செய்மதிகளும் மேலே சொன்ன நைசாரும் சுமார் 24 சென்ரிமீற்றர் அலையில் வேலை செய்கின்றன. அவற்றில் மரத்துக்கடியில் வெள்ளம் நின்றால், தண்ணீரிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பும் அலையால் அந்த இடம் பளிச்சென்று வெளுக்கும். வாகரைப் பக்கமும் வாவியோரமும் கண்டல் இருக்கும் இடங்களுக்கு இது நல்லது.

கடற்கரையும் வெள்ளம் என்று வருகிறது. பிழையா?

பிழைதான். காய்ந்த மணல் அலையை விழுங்கிவிடும், தண்ணீரைப் போலவே கறுத்துத் தெரியும். தார்ப்பரப்பும் அப்படித்தான், விமான ஓடுபாதை அசல் கால்வாய் மாதிரி இருக்கும். குடும்பிமலைப் பக்கம் மலைக்குப் பின்னால் விழும் ராடார் நிழலும் கறுப்பு. மணலும் தாரும் முன்படத்திலும் கறுப்பாகவே இருப்பதால் ஒப்பிடும்போது பெரும்பாலும் கழிந்துபோகும். மலைக்கு, செங்குத்தான இடங்களை நீக்கும் சரிவு வடிகட்டி போடுங்கள். மலைச்சரிவில் வெள்ளம் தேங்காது அல்லவா.

எங்கள் வளவு மூழ்கியதா என்று இதில் பார்க்கலாமா?

முடியாது. படத்தின் ஒரு கட்டம் 10 மீற்றருக்கு 10 மீற்றர் என்று சொல்வார்கள். உண்மையான கூர்மை ஏறத்தாழ 20 மீற்றர்தான். அதை நுணுக்கிப் பத்தாக்கித் தருகிறார்கள். 20 பேர்ச் வளவு சுமார் 506 சதுர மீற்றர், அதாவது ராடாருக்கு ஒரேயொரு புள்ளி. அந்தப் புள்ளியிலும் இரைச்சல் உண்டு. ஒரு ஏக்கர் என்றால் இப்படி ஒன்பது, பத்துப் புள்ளிகள். நாலைந்து ஏக்கர் ஒன்றாகக் கிடக்கும் வயல் கண்டத்தைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசலாம். ஒரு வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது.

ஆழம்?

ராடார் ஆழம் சொல்லாது. தரை உயரத் தரவோடு சேர்த்துக் கணிக்கும் வழிகள் உண்டு. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 30 மீற்றர் உயரத் தரவில் சில மீற்றர் பிழை சாதாரணம். கடலோரத்திலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே போனாலும் தரை சில மீற்றர்தான் உயரும் நம் சமவெளியில் அந்தத் தரவை வைத்து ஆழம் சொல்வது, பலகை வெட்ட மரம் அளக்கும் நாடாவால் ஊசிமுனையை அளப்பது போல. சுவரில் விழுந்த சேற்றுக் கோட்டை அளந்து எழுதி வையுங்கள். அதுதான் ஆழம்.

சரி, வேலையைத் தொடங்குவது எப்படி? கணினியில் என்ன என்ன செய்யவேண்டும்?

இரண்டு வழி உண்டு. ஒன்று, கோப்பர்னிக்கஸ் தரவுத்தளத்திலிருந்து ஜிஆர்டி என்ற வகைப் படக் கோப்பை இறக்கி, இலவச மென்பொருளான ஸ்னாப்பில் வேலை செய்வது. சுற்றுப்பாதைத் திருத்தம், வெப்ப இரைச்சல் நீக்கம், அளவீட்டுத் திருத்தம், புள்ளி இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டி, தரைத் திருத்தம் என்ற வரிசையில் போகும். ஒரு கோப்பே ஏறத்தாழ ஒரு ஜிபி. வெள்ள நாளில் நம் இணைய வேகத்தில், மின்சாரமும் விட்டு விட்டு வரும்போது, இந்த வழி பொறுமையைச் சோதிக்கும். ஆனால் ஒருமுறையாவது இப்படிச் செய்து பாருங்கள், எந்தப் படியில் என்ன மாறுகிறது என்று கண்ணால் தெரியும்.

மற்றது கூகுள் ஏர்த் எஞ்சின். படங்கள் முக்கால் பங்கு தயாராகவே அங்கே இருக்கின்றன. புள்ளி இரைச்சல் வடிகட்டி மட்டும் நீங்கள் போடவேண்டும். கணக்கெல்லாம் அவர்களுடைய கணினியில் நடக்கும். உங்களுக்கு வரைபடம் மட்டும் வரும். அனர்த்தங்களுக்குச் செய்மதித் தகவலைப் பயன்படுத்த உதவும் ஐக்கிய நாடுகளின் யுஎன்-ஸ்பைடர் இதற்கென்று எழுதி வைத்த நிரலைத்தான் உலகம் முழுவதும் பிரதி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நானும் அதிலிருந்தே தொடங்கினேன்.

அந்த நிரலில் ஒரு விடயம் எனக்கு உடன்பாடில்லை. வெள்ள நாள் டெசிபெல்லை முன்படத்து டெசிபெல்லால் வகுத்து, 1.25க்கு மேல் வந்தால் வெள்ளம் என்கிறது. டெசிபெல்லை வகுப்பது சரியான கணக்கே இல்லை. கழிக்கவேண்டும். உதாரணம் பாருங்கள்: −8 இலிருந்து −10 ஆனாலும் 1.25, −16 இலிருந்து −20 ஆனாலும் 1.25. முதலாவதில் 2 டெசிபெல் மாற்றம், இரண்டாவதில் 4. ஒரு மழை பெய்து மண் நனைந்து காய்ந்தாலே 2 டெசிபெல் ஆடும். நான் கழித்துப் பார்த்து, வெள்ள நாளில் அந்த இடம் தண்ணீர் அளவுக்குக் கறுத்திருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கிறேன். இரண்டும் பொருந்தினால்தான் வெள்ளம். தண்ணீருக்கும் நிலத்துக்கும் இடையே எல்லை எங்கே என்பதற்கு ஒட்சு முறை என்று ஒன்று இருக்கிறது. படத்தின் நிறப் பரம்பலைப் பார்த்து அதுவே எல்லை போடும். ஆனால் படத்தில் தண்ணீரும் நிலமும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கும் துண்டில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். முழு மாவட்டத்தையும் ஒன்றாகக் கொடுக்காமல், வாவியோரம் ஒரு துண்டை வெட்டிக் கொடுங்கள்.

கடைசியில் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கிராம சேவகர் பிரிவு எல்லைகளைப் போட்டு, பெயர்களைத் தமிழில் எழுதி, அச்சிடுங்கள்.

கணினி இல்லை, ஃபோன் மட்டும்தான்.

பார்க்க மட்டும் என்றால் போதும். கோப்பர்னிக்கஸ் உலாவியை ஃபோனிலேயே திறந்து, திகதியைத் தெரிவு செய்து, சென்டினல்-1 படத்தைப் பார்க்கலாம். கிரானும் புலிபாய்ந்தகல்லும் இரண்டு திகதிகளில் எப்படி இருந்தன என்று மாற்றி மாற்றிப் பார்த்தாலே கண் பழகிவிடும்.

தானாகவே வெள்ள வரைபடம் தரும் தளங்கள் இருக்கின்றனவே. நாம் ஏன் மெனக்கெடவேண்டும்?

இருக்கின்றன. ஒவ்வொரு சென்டினல்-1 படத்தையும் தானாக ஆராய்ந்து வெள்ளத்தைக் குறிக்கும் உலக வெள்ளக் கண்காணிப்புச் சேவை 2021 முதல் இயங்குகிறது. பெரிய அனர்த்தம் என்றால், 2000 ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய விண்வெளி மற்றும் பெரும் அனர்த்தங்களுக்கான சர்வதேச சாசனத்தின் கீழ் பல நாடுகளின் செய்மதிகள் அவசரப் படம் எடுத்துத் தருகின்றன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நாட்டையே புரட்டிப்போட்டபோதும் இப்படிப்பட்ட படங்கள் வந்தன.

அவற்றை முதலில் பாருங்கள், வேலை மிச்சம். ஆனால் கட்டின தண்ணீருக்கும் வந்த தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தளங்களுக்குத் தெரியாது. அந்தச் சேவையின் வியன்னாக் கணினிக்குப் படுவான்கரை வட்டையின் பெயர் என்ன தெரியும்?

தாம்போதியில் போகலாமா என்று இதைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

வேண்டாம். தாம்போதி என்பது வெள்ளம் மேலேறிப் பாயும் தாழ்ந்த பாதை. கிட்டங்கித் தாம்போதியின் அகலம் படத்தின் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். நீரோட்டத்தின் இழுப்பு எந்தப் படத்திலும் தெரியாது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது நமக்கெல்லாம் தெரியும். உயிர் சம்பந்தப்பட்ட முடிவுக்குச் சில மணி நேரம் பழைய படத்தைக்கூட எடுத்து வராதீர்கள்.

பயிரழிவு நட்டஈட்டுக்கு இந்த வரைபடம் செல்லுமா?

தனியாகச் செல்லாது. கமநல சேவை நிலையமும் காப்புறுதிக்காரரும் வயலுக்கு வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் எந்த வட்டையை முதலில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானிக்க இது உதவும். தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதற்கும் உதவும். இரண்டு நாள் மூழ்கிய நாற்று தப்பிக்கலாம். ஒரு வாரம் கடந்தால் பெரும்பாலும் அழுகிவிடும். ஆறு நாள் இடைவெளியில் இரண்டு படத்திலும் அதே கண்டம் வெள்ளமாக இருந்தால் அது பேசக்கூடிய ஆதாரம். இடையில் ஒருமுறை வடிந்து திரும்ப ஏறியிருக்கலாம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

மழை விட்டு வானம் வெளித்ததும் சென்டினல்-2 வண்ணப் படத்தையும் பாருங்கள். பச்சையாக இருந்த வயல் பழுப்பாகியிருந்தால் அது ராடாரைவிடத் தெளிவாகச் சொல்லும்.

2011 வெள்ளத்தையும் இப்படிப் பார்க்கலாமா?

சென்டினல்-1இல் முடியாது, அதன் படங்கள் 2014இன் கடைசியிலிருந்துதான் இருக்கின்றன. 2011 சனவரியில், நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பாதித்த அந்த வெள்ளத்தின்போது ஜப்பானின் பழைய ஏலோஸ் இயங்கிக்கொண்டிருந்தது. அதே வருடம் ஏப்ரலில் அது செயலிழந்தது. அதன் களஞ்சியத்தில் தேடவேண்டும்.

1957 வெள்ளத்தையும் ஒருவர் கேட்டார். அந்த டிசம்பரில் வானில் இருந்தவை இரண்டு ஸ்புட்னிக்குகள் மட்டும், ஒன்றில் பாவம் ஒரு நாய். அந்த வெள்ளத்துக்குப் படம் வேண்டுமென்றால் எண்பதைக் கடந்தவர்களிடம்தான் போகவேண்டும். எந்த மரத்தில் தோணி கட்டினார்கள், எந்தக் கோயில் படி வரை தண்ணீர் வந்தது என்று கேட்டு எழுதி, அந்த இடங்களை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். இதை ஒத்திப்போடாதீர்கள்.

வரைபடத்தை ஊர்க் குழுக்களில் பகிரும்போது என்ன எழுதவேண்டும்?

படம் எடுத்த திகதியும் நேரமும், நம் நேரத்தில். செய்மதிக் கோப்பில் இருப்பது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். இதை மறந்து நேரத்தைப் பிழையாகப் போட்டு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதிகாலை ஆறு மணியை ஒட்டி எடுத்த படமென்றால் கிரீன்விச்சில் அப்போதுதான் நள்ளிரவு கடந்திருக்கும், கூட்டாமல் விட்டால் விடியல் படம் நள்ளிரவுப் படமாகிவிடும். முன்படத்தின் திகதியையும் போடுங்கள். எழுத்தைப் படத்துக்கு உள்ளேயே எழுதுங்கள், கீழே தனியாக எழுதினால் அடுத்த குழுவுக்குப் போகும்போது படம் மட்டும்தான் போகும். போன வருடத்து வரைபடம் இந்த வருட வெள்ளமாக எனக்கே திரும்பி வந்திருக்கிறது, “அவசரம், எல்லோருக்கும் பகிரவும்” என்ற குறிப்போடு.